வடக்கே போகும் மணல்

நிலமும் பொழுதும் முதல்; தெய்வம், உணவு, மரம், பறவை, தொழில் எல்லாம் அவற்றின்மேல் தோன்றுபவை; மனிதர்களின் கூடலும் பிரிவும் இரங்கலும்கூட அந்தந்த நிலத்துக்கு உரியவை என்று தொல்காப்பியம் வகுத்துவைத்திருக்கிறது. தமிழ் படித்தவர்கள் இந்த வரிசையை அநேகமாகச் சந்தேகிப்பதில்லை. மலையில் இருப்பவன் தினை விதைப்பான், கடலோரத்தில் இருப்பவள் மீன் உணக்குவாள், ஆற்றோரத்தில் அரசு எழும். இந்த ஒழுங்கின் அழகு என்னையும் பிடித்துவைத்திருக்கிறது. ஆனால் சில ஆண்டுகளாகப் பிள்ளைச்சாவடியைக் கடந்துபோகும்போதெல்லாம் அது ஓரிடத்தில் நெருடுகிறது. நிலம் முதல் என்றால், அந்த நிலமே இல்லாமல் போகும் இடத்தில் எதை முதல் என்பது? அதைவிட, அந்த நிலத்தை இல்லாமல் ஆக்கியது ஒரு வரைபடமும் ஓர் ஒப்பந்தப்புள்ளியும் ஏதோ ஓர் அலுவலகத்தில் எடுத்த முடிவும் என்றால், அதற்குப் பிறகும் நிலம்தான் மனிதரை உருவாக்குகிறது என்று சொல்லிக்கொண்டிருப்பது யாருக்கு வசதி? இந்தக் கேள்வியை விட்டு நகர முடியவில்லை. பூகோளம் நாகரிகங்களின் தலையெழுத்தைத் தீர்மானித்தது என்று சொல்லும் தடித்த புத்தகங்களைப் படிக்கும்போதும் இந்தச் சின்னக் கரைதான் குறுக்கே வந்து நிற்கிறது.

புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால் முத்தியால்பேட்டை தாண்டியதும் கோட்டக்குப்பம். அங்கே தமிழ்நாடு தொடங்கிவிடும். தந்திராயன்குப்பம், சின்னமுதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் எல்லாம் விழுப்புரம் மாவட்டம். பிறகு ஆறோ குன்றோ குறுக்கே வராமலேயே மறுபடியும் புதுச்சேரி வந்துவிடும்: பிள்ளைச்சாவடி, சின்னக் காலாப்பட்டு, பெரிய காலாப்பட்டு, கனகசெட்டிக்குளம். சாலையில் போகிறவர்களுக்குப் பிள்ளைச்சாவடி என்றால் 1984-இல் தொடங்கி இப்போது தொழில்நுட்பப் பல்கலைக்கழகமாகிவிட்ட பொறியியல் கல்லூரியின் முகவரி. கடலைப் பார்த்து இறங்கும் தெருக்களில் நடந்தால்தான் ஊர் தெரியும். தெரு கடற்கரையில் போய் முடியவில்லை, காற்றில் முடிகிறது. பாதியாக வெட்டுண்ட அறை ஒன்றில் சுவரில் பதித்த மாடம் அப்படியே இருக்கிறது. அதற்குக் கீழே தரை கிடையாது. தென்னையின் வேர்கள் மண் இல்லாமல் தொங்குகின்றன. அதன் கீழே லாரியில் வந்து கொட்டிய கருங்கற்கள், ஒவ்வொன்றும் ஓர் ஆள் மார்பு உயரம். அலை அவற்றின் இடுக்கில் புகுந்து வெளியேறும்போது வரும் ஒலி மணலில் அலை உடையும் ஒலியோடு எந்த விதத்திலும் சேர்ந்ததில்லை. உள்ளே இழுத்து, தொண்டையில் நிறுத்தி, வெளியே தள்ளும் ஒலி. இரவில் அதைக் கேட்டுக்கொண்டு தூங்குகிறவர்களை நினைத்துப் பார்க்கிறேன். 2022 டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரத்தருகே கரையைக் கடந்தபோது இங்கே வீடுகள் இடிந்து விழுந்தன. புயல் நாளில் மட்டும்தான் இந்த ஊர் செய்தியில் வருகிறது. அரிப்போ புயல் இல்லாத நாள்களிலும் நடக்கிறது. இரண்டாம் வரிசையில் இருந்த வீடு முதல் வரிசைக்கு வருவதற்குப் புயல் தேவைப்படுவதில்லை.

கடற்கரை என்பதை வெளியூர்க்காரர்கள் காட்சியாகப் பார்க்கிறோம். மீனவ ஊருக்கு அது தொழிற்கூடம், களஞ்சியம், மன்றம். படகை ஏற்றி நிறுத்துவது அங்கே. வலையைப் பரப்பிக் கிழிசல் தைப்பது அங்கே. பஞ்சாயத்தார் உட்கார்ந்து வழக்குப் பேசுவதும் அங்கேதான். கரைவலை இழுக்க அகன்ற மணல் வேண்டும். கயிற்றின் இரு முனைகளையும் பிடித்துக்கொண்டு இரண்டு கூட்டம் ஆட்கள் பின்னோக்கி நடந்து நடந்து மடியைக் கரைக்குக் கொண்டுவர வேண்டும். பின்னோக்கி நடக்க இடமில்லாத ஊரில் கரைவலை இல்லை. கரைவலை போனால் அதில் வயதானவர்களுக்கும் படகு இல்லாதவர்களுக்கும் கிடைத்துவந்த பங்கும் போய்விடுகிறது. பெண்கள் நெத்திலியைக் காயப்போடுவது சுடுமணலில். மணல் போனபின் அதைத் தார்ச்சாலை ஓரத்திலோ மொட்டைமாடியிலோ பரப்ப வேண்டியிருக்கிறது, மொட்டைமாடி உள்ளவர்கள் மட்டும். படகைக் கரையேற்ற முடியாதவர்கள் துறைமுகத்தில் கொண்டுபோய்க் கட்டுகிறார்கள். அங்கே டீசல் வேறு, வியாபாரி வேறு, கடன் வேறு. அடம்பங்கொடியும் இராவணன் மீசையும் பிடித்துவைத்திருந்த மணல்மேடுகள், அங்கே தை மாசியில் முட்டையிட ஏறிவரும் பங்குனி ஆமை, பிள்ளைகள் பந்தாடிய இடம். இவற்றைக் கருப்பொருள் என்று பாடப்புத்தகத்தில் படித்தோம். நாற்பது ஐம்பது கெஜம் அகலமுள்ள ஒரு மணல்பட்டையின்மேல் ஒரு சமூகத்தின் பங்கீட்டு முறையும் நீதி முறையும் நின்றன என்றால், நிலம் சமூகத்தை உருவாக்குகிறது என்ற பழைய கூற்று இந்த அளவில் முழுக்க உண்மை. என் சந்தேகம் அதன்மேல் இல்லை. அந்தப் பட்டை எங்கிருந்து வந்தது என்பதில் தொடங்குகிறது.

சோழமண்டலக் கரையின் மணல் ஓரிடத்தில் இருப்பதே இல்லை. தென்மேற்குப் பருவத்தில் அலைகள் தெற்கிலிருந்து சாய்வாக வந்து மோதும். ஒவ்வொரு மோதலிலும் மணல் கொஞ்சம் மேலேறி, நேராகக் கீழே வழிந்து, அடுத்த அலையில் இன்னும் கொஞ்சம் வடக்கே ஏறும். வாடைக் காலத்தில் இதே வேலை தெற்கு நோக்கி நடக்கும். ஆனால் ஆண்டில் பெரும்பகுதி தெற்கிலிருந்து வரும் அலைக்கே சொந்தம் என்பதால் கணக்கு முடிவில் மணல் வடக்கே போகிறது. பல லட்சம் கன மீட்டர், ஆண்டுதோறும். நிற்கிற கரை என்று நாம் நினைப்பது வரவும் செலவும் சமமாக இருக்கிற ஒரு வழிப்பாதை. 1986-க்கும் 1989-க்கும் இடையில் புதுச்சேரிக்குத் தெற்கே அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காக இரண்டு கல் அலைதடுப்புகளைக் கடலுக்குள் நீட்டினார்கள். தெற்கிலிருந்து நடந்துவந்த மணல் அங்கே நின்றுவிட்டது. தெற்குப் பக்கம் வீராம்பட்டினத்தில் கரை அகன்றது. வடக்கே புதுச்சேரி நகரத்தின் முன்னால் இருந்த மணல் சில ஆண்டுகளில் காணாமல் போயிற்று. நகரத்துக்குக் கல் அடுக்கினார்கள். பசித்த அலை கல்லைத் தாண்டி வடக்கே நகர்ந்தது. குருசுக்குப்பம், வைத்திக்குப்பம், சோலை நகர், பிறகு எல்லை தாண்டித் தந்திராயன்குப்பம், சின்னமுதலியார்சாவடி, பொம்மையார்பாளையம், பிறகு மறுபடி எல்லை தாண்டிப் பிள்ளைச்சாவடி. ஒவ்வோர் ஊரும் தன்னைக் காத்துக்கொண்ட கல் அடுத்த ஊரின் மணலை நிறுத்தியது. துறைமுகத் திட்டத்திலேயே தெற்கில் சேரும் மணலை எடுத்து வடக்கே செலுத்தும் ஏற்பாடும் சேர்த்தே வகுக்கப்பட்டிருந்தது. கல் வேலை முடிந்த அளவுக்கு மணல் வேலை நடக்கவில்லை. இதைப் படிக்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. அறியாமல் நேர்ந்த தீங்கு என்றால் வருத்தத்தோடு போயிருக்கும்.

இந்த முகத்துவாரத்தைப் பற்றி யோசித்தால் மனம் இரண்டாயிரம் ஆண்டு பின்னால் போகிறது, ஏனென்றால் அரிக்கமேடு இருப்பது இதே ஆற்றின் வளைவில். 1945-இல் மார்ட்டிமர் வீலர் தோண்டி, ரோமானியச் சாடிகளின் உடைசல்களையும் இத்தாலிய அரிட்டைன் மட்கலங்களையும் எடுத்துக் காலம் கணித்த இடம். அவருக்குப் பின் 1940களின் முடிவில் கசால், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி. கிரேக்க வணிகன் ஒருவன் எழுதிய பெரிப்ளூஸ் குறிப்பேட்டில் வரும் பொதுகே என்ற துறை இதுதான் என்று பெரும்பாலோர் கருதுகிறார்கள். விரிகுடாவோ பாறைமுனையோ இல்லாத, ஒதுங்க ஓரிடம் தராத நேர்கோட்டுக் கரை இது. அதில் ஆறு வளைந்து கடலுக்குள் இறங்கும் இடம்தான் கிடைத்த ஒரே அடைக்கலம். அங்கே ஊர் எழுந்தது, மணி செய்கிறவர்கள் உட்கார்ந்தார்கள், கண்ணாடியும் கல்லும் உருண்டையாயின. இதைத்தான் பூகோளம் நாகரிகத்தை வளர்த்த கதை என்போம். ஆனால் அதே குறிப்பேடு இந்தத் துறைகளில் இருந்த கலங்களையும் சொல்கிறது: ஒற்றை மரங்களைச் சேர்த்துக் கட்டிய பெருங்கலங்கள், கங்கைக்கும் பொன்னாட்டுக்கும் போகிற இன்னும் பெரியவை. ஆழமில்லாத, மணல்திட்டு அடிக்கடி இடம் மாறும் முகத்துவாரத்துக்கு ஏற்றபடி ஆட்கள் கலத்தைச் செய்தார்கள், சரக்கை மாற்றினார்கள், பருவத்தைக் கணித்துப் போய் வந்தார்கள். ஆறு தந்ததை வாங்கிக்கொண்டார்கள். அதே வாயில் 1980களில் நாம் ஆற்றை நம் கலத்துக்கு ஏற்றபடி மாற்றத் துணிந்தோம். இரண்டுமே பூகோளத்தோடு மனிதர் செய்த பேச்சுவார்த்தைதான். முன்னதில் தோற்றால் கப்பல் தோற்கும். பின்னதில் தோற்றது கப்பலில் ஏறவே ஏறாத ஓர் ஊர்.

பழங்காலத்தை அப்பழுக்கற்றதாகக் காட்டுகிற ஆசை எனக்கு இல்லை. கொற்கை பாண்டியரின் முத்துத்துறை. இன்று அது கடலிலிருந்து பல கிலோமீட்டர் உள்ளே, வயலும் வாழையும் சூழ்ந்த கிராமம். தாமிரவருணி கொண்டுவந்த வண்டல் கடலைத் தள்ளிக்கொண்டே போயிற்று. துறை காயலுக்கு நகர்ந்தது. மார்க்கோ போலோ வந்துபோன காயல் அது. பிறகு அதுவும் உள்ளே போயிற்று. புகாரைக் கடல் கொண்டதை மணிமேகலை சொல்கிறது. கரை வருவதும் போவதும் தமிழருக்குப் புதிதில்லை. அதனால்தான் பிள்ளைச்சாவடிக்கு நேர்வதையும் அந்த வரிசையில் சேர்த்துவிடுவது இவ்வளவு எளிதாக இருக்கிறது. கடல்கோள் என்ற நம் பெரிய நினைவின் பக்கத்தில் ஒரு சின்னக் குப்பத்தின் அரிப்பை வைத்துவிட்டால் அதற்குப் புராணத்தின் கம்பீரம் வந்துவிடுகிறது. கேள்வி கேட்கும் தேவை போய்விடுகிறது. புகாருக்குப் பொறுப்பு யார் என்று யாரிடமும் கேட்க முடியாது. இங்கே கேட்கலாம்.

பிரெஞ்சுக்காரர்கள் 1674-இல் புதுச்சேரிக்கு வந்து குடியேறியபோதும் அங்கே துறைமுகம் இருக்கவில்லை. கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும். கரைக்கும் கப்பலுக்கும் நடுவே உடையும் அலையைக் கடந்து சரக்கையும் ஆட்களையும் கொண்டுவந்தவை சலங்குகள். ஆணி அடிக்காமல் பலகைகளைக் கயிற்றால் தைத்த படகுகள். அலை மோதினால் உடையாமல் நெளியும். ஐரோப்பியப் படகு அந்த அலையில் சிதறிவிடும் என்பதால் கவர்னர் ஆனாலும் கரையேற உள்ளூர் ஆட்களின் தோளும் துடுப்பும் வேண்டியிருந்தது. ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் கப்பல் வந்து நிற்பதும் சலங்கு போவதும் திரும்பத் திரும்ப வரும். வாடை தொடங்கும்போது இந்தத் திறந்த கடலில் கப்பல் நிற்க முடியாது. 1746 செப்டம்பரில் சென்னைப் பட்டணத்தைப் பிடித்த பிரெஞ்சுக் கடற்படைத் தலைவர் லா பூர்தொன்னே, சில வாரங்களில் அடித்த புயலில் பல கப்பல்களை இழந்து தளர்ந்து திரும்பினார். காற்று வரலாற்றை எழுதியது என்று இங்கே எழுதிவிடக் கை துடிக்கும். ஆனால் 1761 ஜனவரி 1 அன்று புதுச்சேரியை முற்றுகையிட்டிருந்த ஆங்கிலக் கப்பல்களையும் ஒரு புயல் அடித்து உடைத்தது. இருந்தும் அதே மாதம் 16-ஆம் நாள் நகரம் பணிந்தது, உள்ளே உணவு தீர்ந்திருந்தது. ஒரே கடல், ஒரே வகைக் காற்று. அதன் விளைவை முடிவு செய்தது உணவுக் களஞ்சியமும் கடலாதிக்கமும். 1748-இல் மோந்தெஸ்கியூ தன் சட்டங்களின் ஆன்மா நூலில் வெப்பத்தால் இந்தியர்கள் இயல்பாகவே துணிவற்றவர்கள் என்று எழுதினார். அந்த ஆண்டிலும் இந்தக் கரையில் தைத்த பலகையில் நின்றபடி மனிதர்கள் அலையைக் கடந்துகொண்டிருந்தார்கள். பூகோளத்தை வைத்து ஒரு மக்களின் குணத்தைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் அந்தப் பூகோளத்தில் ஒரு நாளும் வேலை செய்யாதவர்கள் என்பது என் எண்ணம்.

கல்லை நீட்டினால் மணல் நிற்கும் என்பதை அறிய 1986 வரை காத்திருக்க வேண்டியதில்லை. சென்னைத் துறைமுக வேலை 1876-இல் தொடங்கியது. 1881 புயலில் அந்தக் கட்டுமானம் உடைந்தது, மறுபடி கட்டினார்கள். அதற்கு முன் கோட்டையை ஒட்டி அலை உடைந்துகொண்டிருந்த கரையில் துறைமுகத்துக்குத் தெற்கே மணல் சேரச் சேரக் கடல் பின்வாங்கியது. அந்த மணலின் ஓரத்தில் 1880களில் கவர்னர் கிராண்ட் டஃப் உலாச்சாலை அமைத்து மெரினா என்று பெயர் வைத்தார். திலகர் திடல் கூட்டங்கள், 1968 உலகத் தமிழ் மாநாட்டுக்கு வைத்த சிலைகள், தலைவர்களின் சமாதிகள், 2017 தையில் ஜல்லிக்கட்டுக்காகக் கூடிய இளைஞர்கள் என்று ஒரு நகரத்தின், ஏன் ஒரு மாநிலத்தின், அரசியல் வாழ்வு அந்த மணலில் நடந்தது. அவ்வளவு பேர் கூட இடம் இல்லாமல் தமிழ்நாட்டின் கூட்ட அரசியல் இதே வடிவத்தில் வந்திருக்குமா என்று யோசிக்கத் தோன்றுகிறது. துறைமுகத்துக்கு வடக்கே அந்த மணல் போய்ச் சேரவேண்டிய இராயபுரம் தொடங்கி எண்ணூர் வரையான கரை தெருத்தெருவாகக் கரைந்தது. இன்றும் அங்கே கல் கொட்டிக்கொண்டிருக்கிறார்கள். மெரினாவில் உட்காரும்போது வடசென்னையின் கரையில் உட்கார்ந்திருக்கிறோம். நிலம் அரசியலை வளர்த்தது என்பது சரி. அந்த நிலத்தை வேறொருவரின் நிலத்திலிருந்து எடுத்தார்கள் என்பதும் சேர்ந்தால்தான் அந்த வாக்கியம் முழுமையாகும். அதைச் சேர்க்காமல் எழுதப்பட்ட பூகோள வரலாறுகள் எத்தனை இருக்கும் என்பதுதான் என்னைத் தொந்தரவு செய்கிறது.

பிள்ளைச்சாவடியின் தெற்கு எல்லையில் கண்ணுக்குத் தெரியும் அடையாளம் ஏதும் கிடையாது. ஒரே செம்மண், ஒரே பனை, இரு பக்கமும் உறவுக்காரர்கள். அந்த எல்லையைப் பதினெட்டாம் நூற்றாண்டின் பேரங்களும் யுத்தங்களும் வரைந்தன. பிரெஞ்சுக்காரர்கள் ஊர் ஊராக வாங்கியும் இழந்தும் வந்தவை, 1814 பாரீஸ் உடன்படிக்கைக்குப் பிறகு துண்டுதுண்டாகத் திரும்பக் கிடைத்தன. ஆங்கிலேய நிலத்தின் நடுவே பிரெஞ்சுத் திட்டுகள். 1954 நவம்பர் 1-இல் ஆட்சி கைமாறியது, 1962 ஆகஸ்ட் 16-இல் சட்டப்படி இணைந்தது, திட்டுகள் அப்படியே நின்றன. அந்தக் கோடு வரையப்பட்டபோது அதற்கும் கடலுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. இன்று அந்தக் கோடுதான் எந்தக் கெஜத்தில் கல் விழும், எந்தக் கெஜத்தில் விழாது என்று முடிவு செய்கிறது. தெற்கே ஓர் அரசு தன் ஊரைக் காக்கத் தூண்டில் வளைவு போட்டால் அதன் வடக்கு முனையில் தொடங்கும் அரிப்பு இன்னோர் அரசின் ஊரில் போய் விழுகிறது. இந்த அரசு தன் எல்லைவரை கற்சுவர் எழுப்பினால் சுவர் முடியும் இடத்தில் அலை உள்ளே திரும்புகிறது. இரண்டு அரசுகளும் தத்தம் மக்களுக்குச் சரியானதைச் செய்ததாகவே இருக்கும். பாரீஸில் கையெழுத்தான ஒரு காகிதத்துக்கும் இங்கே ஒரு சமையலறைச் சுவர் விழுவதற்கும் நடுவில் இருநூறு ஆண்டுகள் இருக்கின்றன, ஆனால் நூல் அறவில்லை. அந்தக் கோடு இப்போது கரையின் வடிவத்தையே மாற்றிவிட்டது. மேலிருந்து பார்த்தால் எல்லை தெரிகிற அளவுக்கு.

முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு கெட்டுத் திரிந்தால் பாலை என்று இளங்கோ சொல்லிச் சென்றது இந்த இடத்தில் எனக்கு உதவுகிறது. பாலை தனி நிலமாக இல்லாமல், வேனிலின் கொடுமையில் மற்ற நிலங்கள் அடையும் ஒரு நிலை என்று பார்த்த மனம் மிக நுட்பமானது. நெய்தல் திரிந்தால் என்ன ஆகும் என்று அந்த மரபு யோசிக்கவில்லை; மணல் தீர்ந்துபோன நெய்தலை அவர்கள் காண நேரவில்லை. திரிதல் ஒரு திசையில் மட்டும் நடப்பதும் இல்லை. பிள்ளைச்சாவடிக்கு மேற்கே நிலம் உயர்ந்து செம்மண் மேடாகிறது. 1968-இல் ஆரோவில் தொடங்கியபோது அந்த மேடு மரம் இழந்து, மழை அறுத்த பள்ளங்கள் நிறைந்த வெற்றுநிலமாக இருந்தது. ஒவ்வொரு மழையிலும் செம்மண் கடலுக்குள் ஓடும். வரப்பு கட்டி, நீரை நிறுத்தி, கன்று நட்டு இன்று அங்கே காடு நிற்கிறது. நடக்கிற தூரத்தில் மனிதர் கைபட்டு ஒரு நிலம் தேறியிருக்கிறது, இன்னொன்று அழிந்துகொண்டிருக்கிறது. இரண்டுக்கும் நடுவே சாலை. இந்தச் சாலையை 1990களின் இறுதியில் அகலமாக்கித் திறந்தபின் அதன் இரு புறமும் விடுதிகளும் மனைகளும் வந்தன. நிலத்தின் விலை ஏறியது. பழைய காலத்தில் கடல் ஏறினால் குப்பம் பின்னால் நகரும், குடிசையைப் பிரித்துத் தூக்கிக்கொண்டு. இன்று பின்னால் நகர இடமில்லை. கிழக்கே கடல், மேற்கே வாங்க முடியாத விலை. இதையும் பூகோளம் என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது.

2004 டிசம்பர் 26 அன்று புதுச்சேரி நகரத்தின் கரைச்சுவர் ஆழிப்பேரலையைப் பெருமளவு தடுத்தது; சுவருக்கு வெளியே இருந்த குப்பங்கள் அதை உடம்பில் வாங்கின. 2018-இல் தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம் நகரத்தின் முன்னால் கடலடியில் ஆப்பு வடிவில் எஃகுப் பெட்டகம் ஒன்றை இறக்கிச் செயற்கைத் திட்டு அமைத்தது. தலைமைச் செயலகத்துக்கு எதிரே மணல் திரும்ப வந்தது. மாலையில் அங்கே குழந்தைகள் கால் நனைப்பதைப் பார்க்க மகிழ்ச்சியாகத்தான் இருக்கிறது. மணலைத் திரும்பக் கொண்டுவர முடியும் என்பதற்கு அது சாட்சி. அது முதலில் யாருக்கு வந்தது என்பதும் அதே சாட்சியத்தில் இருக்கிறது. உலா வருபவர்களின் கரைக்கு ஆய்வும் எஃகும் கிடைத்தன, உழைப்பவர்களின் கரைக்குக் கல் கிடைத்தது. பூகோளம் சமூகத்தை வடிவமைக்கிறது என்றால், எந்தச் சமூகத்துக்கு எந்தப் பூகோளம் என்பதைச் சமூகம் முன்கூட்டியே பிரித்து வைத்திருக்கிறது என்பதை இதற்குமேல் எப்படிக் காட்ட முடியும் என்று தெரியவில்லை.

அரியாங்குப்பம் முகத்துவாரத்தில் இன்று மணல் மேடிட்டு அடைக்கிறது. தேங்காய்த்திட்டுத் துறைமுகத்துக்குள் நுழையும் படகுகள் தரைதட்டுகின்றன. தூர்வாரச் சொல்லி அங்குள்ள மீனவர்கள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். இங்கே மணல் இல்லாமல் வீடு விழுகிறது, அங்கே அதே மணல் மிகுந்து படகு முட்டுகிறது. விசாகப்பட்டினத்தில் துறைமுகத்துக்கு வெளியே சேரும் மணலை அள்ளி நகரத்துக் கரைக்குச் செலுத்தும் வழக்கம் பல பதிற்றாண்டுகளாக இருக்கிறது. செய்யத் தெரியாத வேலை இல்லை. அதனால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று நான் நம்பவில்லை. கடலுக்கு மணலைக் கொடுத்த ஆறுகளில் மேட்டூரும் சாத்தனூரும் குறுக்கே நிற்கின்றன, ஆற்றுப்படுகையின் மணல் கட்டடங்களாகிவிட்டது. வரவே குறைந்த கணக்கில் எவ்வளவு பங்கிட முடியும்? வீராம்பட்டினத்தின் அகன்ற கரையில் ஒரு முழுத் தலைமுறை பிறந்து வளர்ந்துவிட்டது என்பதும் இருக்கிறது. அந்த மணலில் அவர்கள் படகு நிற்கிறது, ஆடித் தேர்த் திருவிழாக் கூட்டம் நிற்கிறது. வடக்கின் மணல் என்று சொல்லி அதை அவர்களைக் கேட்காமல் எடுத்தால் 1986-இல் செய்ததையே திசைமாற்றிச் செய்வதாகும். எந்த வலையை எந்தக் காலத்தில் இறக்குவது, யார் எல்லையில் யார் போடுவது என்பதற்கெல்லாம் இந்தக் கரையில் பல ஊர்ப் பஞ்சாயத்தார்கள் ஒன்றாக உட்கார்ந்து பேசும் வழக்கம் உண்டு. மணலுக்கும் அப்படி ஒரு கூட்டம் வேண்டும் என்று தோன்றுகிறது: வீராம்பட்டினம் முதல் கனகசெட்டிக்குளம் வரை, நடுவிலுள்ள தமிழ்நாட்டு ஊர்களும் சேர்ந்து, இரண்டு அரசுகளின் பொறியாளர்களும் அவர்களுக்கு எதிரே உட்கார்ந்து. தென்காற்று தொடங்கும் மாதத்துக்கு முன் எவ்வளவு மணல், எந்த ஊருக்கு முதலில், எங்கிருந்து எடுப்பது என்பதை அந்தக் கூட்டம் பேசலாம்.